அவர் இல்லாமல் இந்த நிகழ்ச்சியா? வாசகர் கேள்வி – பதில்

பெங்களூருத் தமிழ்க் குழுக்கள் யூடியூபில் நடத்தும் இரவு நேர நையாண்டிச் செய்தி நிகழ்ச்சிகள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். எல்லாக் கடிதங்களிலும் கவலை ஒன்றுதான்: எல்லோருக்கும் பிடித்துப்போன தொகுப்பாளர் விலகினால் என்ன செய்வது? எழுத்து, படப்பிடிப்பு, எடிட்டிங் வேலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்து ஊர்ப்பகுதியை மட்டும் போட்டிருக்கிறோம்.

அல்சூர் வாசகர்: சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு 22 நிமிட நிகழ்ச்சி ஒன்றை நடத்துகிறோம். எங்கள் தொகுப்பாளர் வேலை மாறி துபாய் போகிறார். ஆறு வாரம்தான் கையில் இருக்கிறது. மூன்று பேரைப் பார்த்து வைத்திருக்கிறோம். எப்படித் தேர்ந்தெடுப்பது?

மூன்று பேரில் யார் பழையவரைப் போலப் பேசுகிறார் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அப்படித் தேர்ந்தெடுத்தால் பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் ஒப்பிட்டுப் பார்ப்பதே வேலையாகிவிடும். செய்தியைத் தன் கண்ணால் பார்க்கிற ஆள்தான் உங்களுக்கு வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனை போதும். முதலாவது, எல்லோருக்கும் ஒரே நாலு நிமிட ஸ்கிரிப்ட் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். இதில் குரல், உச்சரிப்பு, கேமராவைப் பார்க்கும் விதம் தெரியும், அவ்வளவுதான். பல குழுக்கள் இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்வதால்தான் அழகாக வாசிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். இரண்டாவது, காலையில் ஐந்து செய்தி நறுக்குகளைக் கொடுத்து, அதில் ஒன்றை எடுத்து மாலைக்குள் 300 சொல்லில் எழுதி வரச் சொல்லுங்கள். எந்தச் செய்தியை எடுத்தார், அதில் யாரைக் கேள்வி கேட்டார் என்பதைக் கவனியுங்கள். நடை பிறகு திருத்திக்கொள்ளலாம், பார்வையைத் திருத்த முடியாது. மூன்றாவது, பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். ஸ்கிரிப்டில் வேண்டுமென்றே ஒரு சப்பென்ற ஜோக்கை வையுங்கள். யாரும் சிரிக்காதபோது அவர் தடுமாறி வேகமாக ஓடுகிறாரா, இல்லை அந்த மௌனத்தையே பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்கிறாரா? இரண்டாவது ரகத்து ஆளை விட்டுவிடாதீர்கள்.

ஆறு வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் வாரம் சோதனை. இரண்டாவது வாரத்திலிருந்து தேர்வானவர் பழைய தொகுப்பாளரோடு மூன்று நிமிடப் பகுதியில் வரட்டும், நாலாவது வாரத்தில் அது ஏழெட்டு நிமிடமாகட்டும். ஐந்தாவது வாரம் முழு நிகழ்ச்சியையும் புதியவரை வைத்து எடுங்கள், ஆனால் வெளியிடாதீர்கள். கோளாறெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஆறாவது வாரம் விடைபெறும் நிகழ்ச்சி. விலகும் செய்தியைப் பழையவரே சொல்லட்டும், அதுவும் நிகழ்ச்சியின் கடைசியில். தொடக்கத்தில் சொன்னால் மீதி 20 நிமிடமும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பெயரை அறிவிப்பதற்கு முன் புதியவரின் பழைய சமூக வலைதளப் பதிவுகளை முழுக்கப் படித்துவிடுங்கள். அமெரிக்காவின் நையாண்டிச் செய்தி நிகழ்ச்சியான ‘தி டெய்லி ஷோ’வில் ஜான் ஸ்டூவர்ட்டுக்கு அடுத்தவர் டிரெவர் நோவா என்று 2015 மார்ச் 30 அன்று அறிவித்தார்கள். உடனே அவருடைய பழைய ட்வீட்டுகளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். முகம் தெரிந்து நாலு மாதம்கூட ஆகாத ஆள் என்பதால், பலருக்கு அவர் அறிமுகமானதே அந்தச் சர்ச்சை வழியாகத்தான். சாதி, மொழி, பெண்கள், உடல் தோற்றம் பற்றிய பழைய கிண்டல் ஏதாவது இருந்தால் அழிப்பது மட்டும் போதாது, ஸ்க்ரீன்ஷாட் எங்காவது இருக்கும். கேட்டால் என்ன பதில் சொல்வது என்று குழுவாக உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பானஸ்வாடி வாசகி: ஒரே ஆளைத் தேடுவதற்குப் பதிலாக வாரம் ஒருவர் என்று விருந்தினர்களை வைத்து ஓட்டினால் என்ன?

நிகழ்ச்சியில் மாறாமல் நிற்பது எது என்பதைப் பொறுத்தது. பிபிசியில் 1990 முதல் வரும் ‘ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ’ என்ற செய்தி வினாடி வினா நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஆங்கஸ் டெய்ட்டனை 2002 அக்டோபரில் நீக்கினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை விருந்தினர்களை வைத்தே அது ஓடுகிறது. காரணம், எதிரெதிர் மேசையில் இரண்டு அணித் தலைவர்களாக இயன் ஹிஸ்லாப்பும் பால் மெர்ட்டனும் இருக்கிறார்கள். பார்வையாளர் அவர்களைப் பார்க்கத்தான் வருகிறார். நடுவில் உட்காருபவர் தடுமாறினாலும் அதுவே அந்த வாரத்துக் கேலிக்கு விஷயமாகிவிடும்.

டெய்லி ஷோவில் அந்த வசதி இல்லை. தொகுப்பாளர் கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேசும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் அதன் உயிர். 2022 டிசம்பர் 8 அன்று நோவா விடைபெற்றார். 2023 ஜனவரி 17 அன்று லெஸ்லி ஜோன்ஸில் தொடங்கி வாரம் ஒரு விருந்தினராக வந்தார்கள். மே மாதம் எழுத்தாளர் வேலைநிறுத்தம் தொடங்கியதால் நிகழ்ச்சி நின்று, அக்டோபர் 16 அன்றுதான் திரும்பியது. அதற்குள் நிருபர்களில் ஒருவரான ராய் வுட் ஜூனியர் காத்திருந்தது போதும் என்று கிளம்பிவிட்டார். கடைசியில் 2024 பிப்ரவரி 12 முதல் திங்கள்கிழமை மட்டும் ஸ்டூவர்ட், மற்ற நாட்களில் பழக்கமான நிருபர்கள் மாறி மாறி என்று ஆனது. நோவா போய் 14 மாதம்! நிருபர்களின் சுழற்சி எடுபட்டதற்குக் காரணம், அவர்களைப் பார்வையாளருக்கு ஏற்கெனவே தெரியும். முன்பின் தெரியாத விருந்தினரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

உங்கள் நிகழ்ச்சியில் நிரந்தரமாக இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து கவுண்டர் கொடுப்பார்கள் என்றால் விருந்தினர் முறையைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஒற்றை ஆள் பேசும் நிகழ்ச்சி என்றால் அதிகபட்சம் நாலு வாரம், அதுவும் நிரந்தரத் தொகுப்பாளர் யார், எந்தத் தேதியிலிருந்து என்பதைச் சொல்லிவிட்டு. தேதி சொல்லாமல் இழுத்தால் எழுதுகிறவர்களும் யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாமல் பொத்தாம்பொதுவாக எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்: நான் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். எங்கள் புதிய தொகுப்பாளர் ஒரு பிழையில்லாமல் பேசுகிறார். ஆனால் சிரிப்பே வரவில்லை. இதே தரத்து ஜோக்குக்குப் பழையவர் காலத்தில் கமென்ட் குவியும். அவருக்கு நகைச்சுவை வராதா?

அவர்மேல் பழி போடுவதற்கு முன் உங்கள் ஸ்கிரிப்டை எடுத்துப் பாருங்கள். நீங்கள் இன்னும் பழையவரின் வாய்க்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். தொகுப்பாளர் மாறும்போது பெரும்பாலும் உதைப்பது இந்த இடத்தில்தான்.

புதியவரை ஏதாவது ஒரு செய்தி பற்றி ஐந்து நிமிடம் தாள் இல்லாமல் பேசச் சொல்லிப் பதிவு செய்து, அப்படியே எழுதி எடுங்கள். நிமிடத்துக்கு எத்தனை சொல், ஒரு வாக்கியத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணுங்கள். 22 நிமிடத்தில் டைட்டில், கிளிப், பைட் (மற்றவர்களின் பேச்சுத் துண்டு) எல்லாம் போக ஆள் பேசுவது 17 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பழையவர் நிமிடத்துக்கு 130 சொல் பேசியிருந்தால் ஸ்கிரிப்ட் 2,210 சொல். புதியவரின் இயல்பு 100 என்றால் 1,700 சொல்தான் கொள்ளும். மிச்சம் 510 சொல் ஒரு முழுப் பகுதிக்குச் சமம். அந்தப் பகுதியைத் தூக்கிவிடுங்கள். தூக்காமல் அவரை வேகமாகப் பேசச் சொன்னால், சிரிப்பதற்கு விட்ட இடைவெளிதான் முதலில் காணாமல் போகும்.

அடுத்தது வாக்கிய அமைப்பு. தமிழில் வினைமுற்று கடைசியில் வந்து நிற்கும். செய்தி நடையில் எழுதினால் சிரிப்பு வரவேண்டிய சொல்லின் மேல் ‘என்று தெரிவித்துள்ளார்’, ‘என்பது குறிப்பிடத்தக்கது’ ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதைப் பாருங்கள்:

“மழைநீர் வடிகால் பணிகள் 15 நாட்களில் முடிவடையும் என மாநகராட்சி அறிவித்துள்ள நிலையில், அது எந்த வருடத்து 15 நாள் என்பதை மட்டும் குறிப்பிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.”

நீளமாக இழுத்துப் பேசி, நடுவில் புருவத்தை உயர்த்தி, பழையவர் இதைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம். அது அவருடைய கைவேலை. நேராகப் பேசுகிறவருக்கு இப்படிக் கொடுங்கள்:

“மாநகராட்சி சொல்லுது, வடிகால் வேலை 15 நாள்ல முடிஞ்சிருமாம். (நிறுத்தம்) எந்த வருஷத்து 15 நாள்?”

யார் சொன்னது என்பது முதலில், சிரிப்புச் சொல் கடைசியில், அதற்குப் பிறகு எதுவும் இல்லை. ஸ்கிரிப்ட் முழுக்க ஒவ்வொரு ஜோக்கிலும் கடைசிச் சொல்லை வட்டமிட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் ‘உள்ளார்’, ‘உள்ளது’ என்று வந்தால் அந்த வரியை உடைத்து எழுதுங்கள்.

கேமராவுக்கு முன்னால் கண்ணாடியில் ஸ்கிரிப்டை ஓடவிடும் பிராம்ப்டரையும் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், வரிக்கு மூன்று நாலு சொல்லுக்கு மேல் வேண்டாம். கண்ணாடிக்கும் ஆளுக்கும் இரண்டு மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். ஒன்றரை மீட்டருக்குள் வந்தால் கண் இடமிருந்து வலமாக ஓடுவது கேமராவில் பளிச்சென்று தெரியும். அது தெரிந்த மறுகணம் பேச்சு வாசிப்பாகிவிடும், வாசிக்கிறவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு வெற்று வரி விடுங்கள். ஜோக்கின் கடைசிச் சொல்லைத் தனி வரியில் போடுங்கள்.

கடைசியாக எடிட்டர். பழையவரின் வேகத்துக்குப் பழகியவர் புதியவரின் மூச்சு, பார்வை, ஒரு விநாடி மௌனம் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியிருப்பார். வெட்டாத பதிவைப் போட்டுப் பாருங்கள், பாதிச் சிரிப்பு அங்கேயே கிடக்கும். தோளுக்குப் பக்கத்தில் வரும் படமும் அப்படித்தான். ஜோக்குக்கு அரை விநாடி முன்னால் படம் வந்துவிட்டால் பார்ப்பவர் முந்திக்கொள்வார், சொல் வீணாகிவிடும். படப்பிடிப்பின்போது ஸ்கிரிப்ட் தெரியாத ஐந்தாறு பேரைக் கேமராவுக்குப் பின்னால் உட்காரவையுங்கள். எங்கே நிறுத்துவது என்பது அவர்கள் சிரிப்பைக் கேட்டால்தான் தொகுப்பாளருக்குப் பிடிபடும். குழுவில் இருப்பவர்கள் சிரிப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஸ்ரீராமபுரம் வாசகர்: எங்கள் பழைய ஆங்கர் பக்கா பெங்களூருத் தமிழ். ‘குரு’, ‘சக்கத்’ போன்ற கன்னடப் பேச்சுச் சொல்லெல்லாம் சரளமாக வரும். புதியவர் மதுரைக்காரர், இங்கே வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒட்டுமா?

ஒட்டும், அவரைப் பெங்களூருத் தமிழ் பேசவைக்காமல் இருந்தால். வரவழைத்துப் பேசும் ‘குரு’ ஸ்ரீராமபுரத்தில் பிறந்தவர் காதில் உடனே இடறும். வெளியூர்க்காரர் என்பதையே அவருக்குக் கிடைத்த இடமாக ஆக்குங்கள். சில்க் போர்டு சந்திப்பில் போக்குவரத்து நெரிசலில் நிற்பது நமக்குப் பழகிப்போய்விட்டது, அவருக்கு இன்னும் பழகவில்லை. நோவா தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர். அமெரிக்க அரசியலை வெளியிலிருந்து வந்தவராகப் பார்த்ததே அவருக்குக் கைகொடுத்தது. விளம்பர இடைவேளையில் ஸ்டுடியோ பார்வையாளர்களோடு தாளில்லாமல் பேசியதை ‘பிட்வீன் தி சீன்ஸ்’ என்று தனியாக வெளியிட்டார்கள், 2017இல் அதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் கிடைத்தது. மேசைக்குப் பின்னால் கிடைக்காத நெருக்கம் அங்கே கிடைத்தது. நீங்களும் பதிவு முடிந்தபின் ஐந்து நிமிடம் கேமராவை அணைக்காமல் விட்டுப் பாருங்கள். உள்ளூர்ப் பேச்சுக்கு உள்ளூர்க்காரர் ஒருவரை நிருபராக வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

கே.ஆர்.புரம் வாசகி: பழையவர் முடிக்கும்போது சொல்லும் வசனத்தைப் புதியவரும் சொல்லலாமா?

வேண்டாம். டைட்டில் இசை, மேசை, நிகழ்ச்சியின் பெயர் ஆகியவை நிகழ்ச்சிக்குச் சொந்தம், தொடரட்டும். வசனம் ஆளுக்குச் சொந்தம். புதியவருக்கென்று ஒரு வசனத்தைக் குழு உட்கார்ந்து தயாரிக்கவும் கூடாது. இரண்டு மூன்று மாதத்தில் அதுவாக ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும்.

விவேக்நகர் வாசகர்: சேனல் பழைய தொகுப்பாளரின் மின்னஞ்சலில் இருக்கிறது. நல்ல நண்பர்தான். இருந்தாலும் எதையெல்லாம் முறைப்படி மாற்ற வேண்டும்? அவர் உருவாக்கிய ‘நிபுணர்’ கதாபாத்திரத்தை நாங்கள் தொடரலாமா?

அவர் ஊரில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். சேனல் பிராண்ட் கணக்கில், அதாவது பலர் சேர்ந்து நிர்வகிக்கும் கணக்கில், இருந்தால் குழுவின் பொது மின்னஞ்சலை உரிமையாளராகச் சேர்த்து, ஏழு நாள் கழிந்தபின் முதன்மை உரிமையாளராக மாற்றலாம். ஏழு நாளுக்கு முன் மாற்ற முடியாது, ஆகவே கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். தனிப்பட்ட கணக்கில் இருந்தால் முதலில் பிராண்ட் கணக்குக்கு நகர்த்த வேண்டும். ஆட்சென்ஸ் விளம்பரப் பணம் வரும் பெயரையும் வங்கிக் கணக்கையும் தனியாக மாற்ற வேண்டும். கணக்கு மீட்புக்கான கைபேசி எண்ணை மாற்ற மறந்துவிட்டு, பிறகு ஓடிபி துபாய்க்குப் போய்க்கொண்டிருக்கும் குழுக்கள் உண்டு.

எழுத்து, கதாபாத்திரம் ஆகியவற்றுக்கு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். யூடியூபுக்கு இந்தியா மட்டும் போதாது என்பதால் ‘உலகம் முழுவதும்’ என்று எழுதுங்கள். அமெரிக்கத் தொகுப்பாளர் ஸ்டீபன் கோல்பேர் தன் பெயரிலேயே ஒரு வலதுசாரி விமர்சகராக 2005 முதல் 2014 வரை நடித்தார். 2016இல் வேறு நிறுவனத்தின் நிகழ்ச்சியில் அந்தப் பாத்திரத்தை மறுபடி கொண்டுவந்தபோது, பழைய நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் அது தங்களுடையது என்றார்கள். அவர் அதை மேடையிலேயே சொல்லிவிட்டு, அந்தப் பாத்திரத்தின் அச்சு அசலான ஒன்றுவிட்ட சகோதரனைக் கொண்டுவந்தார். உங்கள் நண்பர் கையெழுத்துப் போட்டாலும் எங்கள் யோசனை, அந்த நிபுணருக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். வேறு முகத்தில் அவர் எடுபட மாட்டார்.

சிவாஜிநகர் வாசகர்: காவிரி விஷயம் வரும்போது பழையவர் சமாளித்துவிடுவார். புதியவரை வைத்துத் தொடலாமா? சட்டப்படி எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் மூன்று மாதம் தொடாதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. பெங்களூருத் தமிழர் நடத்தும் நிகழ்ச்சி காவிரியைப் பற்றி வாய் திறக்காவிட்டால் அதுவே ஒரு குறை. ஆனால் புதியவருக்குப் பழையவர் சம்பாதித்து வைத்திருந்த நம்பிக்கை இன்னும் வரவில்லை. அவர் சொன்னால் கிண்டல், இவர் சொன்னால் சீண்டல் என்று எடுத்துக்கொள்வார்கள். எனவே கேலி யார்மேல் என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும்: அறிக்கை விட்ட தலைவர், கூட்டத்துக்கு வராத அதிகாரி, கத்திய தொலைக்காட்சி விவாதம். தண்ணீருக்காகக் காத்திருக்கும் மண்டியா விவசாயியோ தஞ்சாவூர் விவசாயியோ கேலிக்கு ஆள் இல்லை. எண்ணைச் சரியாகச் சொல்லுங்கள். 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று வைத்தது. நடுவர் மன்றம் 2007இல் சொன்னது 192. குறைத்த 14.75இல் 4.75 பெங்களூருவின் குடிநீருக்காக. நாம் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான் என்ற இடத்தில் நின்று பேசினால் நிகழ்ச்சிக்கு ஒரு நேர்மை வரும். கன்னடம் தாய்மொழியாக உள்ள ஒருவர் ஸ்கிரிப்டைப் படிக்காமல் இதை வெளியிடாதீர்கள். கன்னட பைட்டின் மொழிபெயர்ப்பை அவரே சரிபார்க்கட்டும்.

சட்டத்தில் இரண்டு விஷயம். 2024 ஜூலை 1 முதல் அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூகப்பணி. கருத்தைக் கருத்தாகச் சொல்லுங்கள், லஞ்சம் வாங்கினார் என்பது போன்றவற்றை ஆவணம் இல்லாமல் ஜோக்காகக்கூடச் சொல்லாதீர்கள். அடுத்தது கிளிப். விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவு பயன்படுத்தப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் இடம் தருகிறது. ஆனால் யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்ட்ரைக் (மீறல் எச்சரிக்கை) விழுந்தால் சேனலையே மூடிவிடுவார்கள். கிளிப்பைப் பத்துப் பதினைந்து விநாடிக்குள் நிறுத்தி, மேலே உங்கள் பேச்சு வரட்டும். ஓடவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள்.

ராமமூர்த்தி நகர் வாசகர்: ‘பழைய ஆளே வேண்டும்’ என்று வாராவாரம் கமென்ட். பழையவரும் மாதம் ஒருமுறை வருகிறேன் என்கிறார். கூப்பிடலாமா?

முதல் ஆறு மாதம் கூப்பிடாதீர்கள். ஜே லெனோவை அனுப்பிவிட்டு 2009 ஜூன் 1 அன்று கோனன் ஓபிரையனை ‘டுநைட் ஷோ’வில் உட்காரவைத்த அமெரிக்கத் தொலைக்காட்சி என்பிசி, அதே செப்டம்பரில் லெனோவுக்கு இரவு 10 மணிக்கு வேறு நிகழ்ச்சி கொடுத்தது. புதியவர் திரைக்கு வருவதற்கு முன்பே பழையவரைப் பார்த்துவிட்டுத்தான் மக்கள் வந்தார்கள். 2010 ஜனவரி 22 அன்று கோனன் வெளியேறினார், மார்ச் 1 அன்று லெனோ திரும்பிவிட்டார். எட்டு மாதம்கூடப் புதியவருக்குக் கொடுக்கவில்லை. நோவாவுக்கு ஏழு வருடம் கொடுத்தார்கள். அவர் விலகியபின் நடந்த 2024 ஜனவரி எம்மி விழாவில் அவருடைய நிகழ்ச்சிக்கு விருது கிடைத்தது.

கமென்டுக்குப் புதியவர் பதில் சொல்ல வேண்டாம், குழுவின் பெயரில் ஒரே ஒரு முறை நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எத்தனை பேர் திட்டுகிறார்கள் என்று எண்ணுவதைவிட, யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் எதுவரை பார்க்கிறார்கள் என்று காட்டும் வரைபடக் கோட்டைப் பாருங்கள். முதல் 30 விநாடியில் சரிந்தால் அவர்கள் பழையவரைத் தேடி வந்து போகிறவர்கள், காலப்போக்கில் குறைவார்கள். எட்டாவது ஒன்பதாவது நிமிடத்தில் சரிந்தால் அந்தப் பகுதியின் எழுத்தில் கோளாறு, அதைத் தொகுப்பாளர் கணக்கில் எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் பழையவர் வரும்போது விருந்தினர் நாற்காலியில் உட்காரட்டும், கேள்வி கேட்பது புதியவராக இருக்கட்டும்.